தடித்த ஜியோமெட்ரிக் எழுத்துரு சொதப்பும்போது: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைந்தது போன்ற எழுத்து. ஆங்கில ஓ (O) என்றால் வட்டம், வி (V) என்றால் தலைகீழ் முக்கோணம், கோட்டு நுனிகளில் கொம்போ வாலோ கிடையாது. ஜெர்மனியில் பால் ரென்னர் வரைந்து 1927இல் வந்த ஃபியூச்சுராவிலிருந்து இன்றைய மான்செராட், பாப்பின்ஸ் வரை இந்தக் குடும்பத்துக்கு நூறு வயது ஆகப்போகிறது. இதை போல்ட் எடையில் (எடை என்றால் கோட்டின் தடிமன்; 400 சாதாரணம், 700 போல்ட்) ஒரு தலைப்புக்குப் போட்டால் சுவரில் ஆணி அடித்தது போல நிற்க வேண்டும். நிற்காமல் போனால் என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

போஸ்டர், இணையதளத் தலைப்பு, லோகோ, செயலியின் பொத்தான் என்று எங்கே பயன்படுத்தினாலும் கோளாறுகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். போகும் முன் ஒன்று மட்டும்: கோளாறைத் தேடும்போது எழுத்தின் கறுப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதற்குள்ளும் அதைச் சுற்றியும் இருக்கும் வெள்ளையைப் பாருங்கள். கறுப்பு கூடும்போதெல்லாம் வெள்ளை எங்கோ குறைகிறது. கீழே வரும் தொல்லைகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

"போல்ட்தான் போட்டேன், ஆனால் ஏதோ வீங்கினது போல இருக்கிறது"

முதலில் சந்தேகப்பட வேண்டியது போலி போல்ட்டை. உங்களிடம் அந்த எழுத்துருவின் சாதாரண எடை மட்டும் இருக்கிறது, போல்ட் கோப்பு இல்லை. மென்பொருள் "இல்லை" என்று சொல்லாது. சாதாரண எழுத்தையே கொஞ்சம் பருமனாக்கி, அல்லது லேசாகத் தள்ளி இரண்டு முறை அடித்து, உங்களிடம் போல்ட் என்று நீட்டிவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலைகள் மழுங்கியிருக்கிறதா? ஆங்கிலச் சின்ன 'ஈ' (e) எழுத்தின் நடுக்கோடு உள்ளே அடைத்துக்கொண்டு நிற்கிறதா? கிடைக்கோடும் நிமிர்கோடும் ஒரே அளவு பருத்திருக்கிறதா? அப்படியென்றால் போலிதான். நிஜமான போல்ட்டை வரைபவர் கறுப்பைக் கூட்டும்போதே எழுத்தின் அகலத்தையும் கூட்டுவார், கிடைக்கோடுகளைச் சற்று மெலிதாக வைப்பார், கிளைகள் சேரும் இடத்தில் கொஞ்சம் சீவிவிடுவார். இயந்திரத்துக்கு இதெல்லாம் தெரியாது.

வலைப்பக்கமாக இருந்தால் உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்து, அந்த வரிக்கு உண்மையில் எந்த எழுத்துருக் கோப்பு வந்து நிற்கிறது என்று பாருங்கள். வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-சிந்தசிஸ் என்ற பண்புக்கு 'நன்' என்று மதிப்புக் கொடுத்தால் உலாவி போலி செய்வதை நிறுத்திவிடும். தலைப்பு உடனே மெலிந்து போனால் சந்தேகம் உறுதி. அப்புறம் 700 எடைக் கோப்பைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

வேரியபிள் எழுத்துரு வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு குழியில் விழுவார்கள். ஒரே கோப்புக்குள் 100 முதல் 900 வரை எல்லா எடையும் இருக்கும். ஆனால் எழுத்துருக் கோப்பைப் பக்கத்துக்கு அறிமுகப்படுத்தும் ஃபான்ட்-ஃபேஸ் அறிவிப்பில் அந்த வரம்பைச் சொல்ல மறந்தால், உலாவி அதை 400 எடைக் கோப்பு என்று எடுத்துக்கொண்டு, 700 கேட்டால் போலி செய்துவிடும். எல்லா எடையும் கையில் இருந்தும் போலி வருகிற கொடுமை இது. ஒரு முழு மதியம் இதற்காக நான் கோப்பை மாற்றி மாற்றி ஏற்றியிருக்கிறேன். விட்டுப்போனது "100 900" என்ற இரண்டு எண்கள்தான்.

சாய்வெழுத்துக்கும் இதே கதைதான். இந்தக் குடும்பத்தில் சாய்வு என்பது பெரும்பாலும் நேரெழுத்தைச் சாய்த்ததுதான் என்றாலும், நல்ல எழுத்துருவில் சாய்த்தபின் வட்டங்களைக் கையால் திருத்தியிருப்பார்கள். போலிச் சாய்வில் ஓ எழுத்து எதிரெதிரான இரண்டு மூலைகளில் பருத்து மற்ற இரண்டில் இளைத்து, நசுங்கிய வளையம் போல இருக்கும்.

"பெரிதாக இருக்கும்போது அழகு, சின்னதாக்கினால் கட்டிதட்டிவிடுகிறது"

எழுத்தின் வயிறு அடைபடுகிறது. சின்ன ஏ, ஈ, ஜி ஆகியவற்றுக்குள் இருக்கும் வெள்ளை இடத்தைத்தான் வயிறு என்கிறேன். போல்ட் எடையில் அது ஏற்கெனவே ஒடுங்கியிருக்கும். அளவைக் குறைக்கக் குறைக்க ஓரிரு பிக்சலுக்கு வந்து, கடைசியில் காணாமலே போகும்.

ஜியோமெட்ரிக் எழுத்தில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. ஃபியூச்சுராவிலும் அவாந்த் கார்ட் என்ற எழுத்துருவிலும் சின்ன ஏ (a) என்பது இரண்டடுக்கு எழுத்து அல்ல. ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு தூண், அவ்வளவுதான். வயிறு மங்கியதும் அது ஓ போலத் தெரியும். எல்லாமே ஒரே வட்டத்திலிருந்து பிறந்த பிள்ளைகள் என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே முகம். பெரிய அளவில் அழகு என்று மெச்சிய அதே ஒற்றுமைதான் சின்ன அளவில் காலை வாருகிறது.

ஈய அச்சுக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைத் தனித்தனியாக வெட்டினார்கள். சின்ன அளவுக்கு வெட்டும்போது எழுத்தைச் சற்று அகலமாகவும் இடைவெளியைத் தாராளமாகவும் வைப்பது வழக்கம். இன்று ஒரே வரைவை 8 புள்ளிக்கும் 80 புள்ளிக்கும் இழுக்கிறோம். சில எழுத்துருக்களில் 'ஆப்டிகல் சைஸ்' என்ற வசதி இந்தப் பழைய பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது. உங்கள் எழுத்துருவில் அது இருந்தால் இயக்கிவிடுங்கள்.

இல்லையென்றால் கையால் செய்ய வேண்டியதுதான். முதலில் எடையைக் குறையுங்கள்: 800 என்றால் 600, 700 என்றால் 500. அழுத்தம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், பக்கத்தில் 400 எடை இருந்தால் 600 போதுமான அளவு தடித்தே தெரியும். அடுத்தது எழுத்திடைவெளி. சின்ன அளவில் 1 முதல் 3 சதவீதம் வரை கூட்டுங்கள், வடிவமைப்பு மென்பொருளில் டிராக்கிங் 10 முதல் 30. அதற்குப் பிறகும் அடைபட்டால் அந்த இடத்துக்கு இந்த எழுத்து வேண்டாம். தலைப்புக்கு ஜியோமெட்ரிக் போல்ட், குறிப்புகளுக்கு வேறொரு சாதுவான சான்ஸ் செரிஃப் (நுனியில் கொம்பில்லாத எழுத்து) என்று பிரித்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முழுப் பத்தியையே போல்ட்டில் அடித்துவிட்டு "படிக்கக் கஷ்டமாக இருக்கிறது" என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

"பெரிய தலைப்பில் எழுத்துகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன"

மேலே சொன்னதற்கு நேர்மாறான நோய். எழுத்துரு ஒன்றில் இருக்கும் இயல்பான இடைவெளி பெரும்பாலும் நடுத்தர அளவை நினைத்து வைத்தது. அதையே 100 பிக்சலுக்கு ஏற்றும்போது இடைவெளியும் சேர்ந்து வளரும். 1 முதல் 3 சதவீதம் வரை குறைத்துப் பாருங்கள். எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கும் வெள்ளையும் இரண்டு எழுத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளையும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றும் இடம் ஒன்று வரும். போல்ட்டில் வயிறு சிறிது, ஆகவே இடைவெளியும் சிறிதாகத்தான் இருக்க வேண்டும். மெல்லிய எடையில் நன்றாக இருந்த இடைவெளியை அப்படியே போல்ட்டுக்கு வைத்தால் எழுத்துகள் ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

மொத்தமாகக் குறைத்தபின்னும் சில ஜோடிகள் மட்டும் முரண்டு பிடிக்கும். பெரிய (கேபிடல்) ஏ பக்கத்தில் வி, எல் பக்கத்தில் ஒய், டபிள்யூ பக்கத்தில் ஏ. முக்கோணமும் செங்கோணமும் பக்கத்தில் வரும்போது நடுவில் பெரிய ஆப்பு போல வெள்ளை விழும். முதலில் கெர்னிங் (இப்படிப்பட்ட ஜோடிகளின் இடைவெளியைத் திருத்தும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள், பல மென்பொருள்களில் அது ஒரு தேர்வுப்பெட்டி. இயங்கியும் சரியாகவில்லை என்றால் அந்த ஜோடியை மட்டும் கையால் நெருக்குங்கள். வரியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பது பழைய உத்தி. சொல்லைப் படிக்க முடியாது என்பதால் கண் இடைவெளியை மட்டும் பார்க்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபியூச்சுராவின் பெரிய எழுத்துகளை ரென்னர் பழைய ரோமானியக் கல்வெட்டு எழுத்தின் விகிதத்தில் அமைத்தார். ஈ, எஃப், எல் எல்லாம் ஒடுக்கம், ஓ, ஜி, சி எல்லாம் அகலம். எனவே ஒரு சொல்லில் குறுகலும் அகலமும் மாறி மாறி வருவது அதன் சுபாவம். அதைக் கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் ஒரே அகலத்துக்கு இழுத்தால் எழுத்து செத்துவிடும். ஒரே சீரான அகலம் வேண்டுமென்றால் கோதம் மாதிரியான எழுத்துக்குப் போங்கள். டோபியாஸ் ஃப்ரெரே-ஜோன்ஸ் 2000ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க் கட்டடங்களின் பழைய பெயர்ப்பலகை எழுத்துகளைப் பார்த்து வரைந்தது அது. அதில் எழுத்துகள் எல்லாம் ஏறக்குறைய சம அகலத்தில் தோள் உரசி நிற்கும்.

அவாந்த் கார்ட் வேறு விதமான வம்பு. ஹெர்ப் லுபாலின் 1968இல் ஓர் இதழின் பெயருக்காக வரைந்த லோகோவிலிருந்து பிறந்து, டாம் கார்னேஸுடன் சேர்ந்து 1970இல் எழுத்துருவாக வந்தது. சாய்ந்த ஏ, ஒன்றோடொன்று பின்னிய கூட்டெழுத்துகள் என்று பல சாமான்கள் அதோடு வந்தன. அந்தக் கூட்டெழுத்துகள் பெரிய எழுத்தில், நெருக்கமாக வைத்த இரண்டு மூன்று சொற்களுக்கானவை. எல்லா இடத்திலும் தூவினால் சொல் உடைந்து பொம்மை ஆகிவிடும்.

"முழுவதும் பெரிய எழுத்து, ஆனால் அடைப்புக்குறியும் சிறுகோடும் கீழே தொங்குகின்றன"

அவை சின்ன எழுத்தின் உயரத்துக்கு நடுவில் வைக்கப்பட்டவை, அதனால்தான். நல்ல எழுத்துருக்களில் கோப்புக்குள்ளேயே வரும் ஓப்பன்டைப் வசதிகளில் 'கேஸ்' என்று ஒன்று இருக்கும். இயக்கினால் குறிகள் மேலேறும். இல்லையென்றால் பேஸ்லைனை, அதாவது எழுத்து உட்காரும் கோட்டை, நகர்த்திக் கையால் ஏற்றுங்கள். கூடவே வரி இடைவெளியையும் பாருங்கள். பெரிய எழுத்து மட்டும் உள்ள வரிகளில் கீழே இறங்கும் வால் கிடையாது, எழுத்தளவின் 1 மடங்கு இடைவெளியே தாராளம்.

"நானே வரைந்த லோகோவில் ஓ மட்டும் சின்னதாகத் தெரிகிறது"

எனக்குப் பிடித்த கோளாறு இது. எழுத்துருவை வாங்காமல், வட்டமும் சதுரமும் வைத்து நாமே வரைந்துவிடலாம் என்று தோன்றாத ஆள் கிடையாது. ஜியோமெட்ரிக் எழுத்துதானே, இதில் என்ன இருக்கிறது! கட்டக்கோடு போட்டு, ஓவுக்கு சுத்தமான வட்டம், பக்கத்தில் ஹெச்சுக்கு இரண்டு தூண், நடுவில் ஒரு பாலம். எல்லாம் ஒரே உயரம், ஒரே தடிமன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் ஓ சூம்பிப்போயிருக்கும், ஹெச்சின் பாலம் தூண்களை விடப் பருத்திருக்கும், சின்ன 'என்' (n) எழுத்தின் வளைவு தூணில் ஒட்டும் இடத்தில் மைத்துளி விழுந்தது போல ஒரு கறை நிற்கும்.

அளவுகோல் சொல்வதைக் கண் ஏற்பதில்லை. வட்டம் மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் ஒரே புள்ளியில்தான் தொடுகிறது, தூணோ முழு அகலத்துக்கும் தொடுகிறது. ஆகவே வட்டம் குள்ளமாகத் தெரியும். ஓ, சி, ஜி போன்றவற்றை மேலும் கீழும் எழுத்துயரத்தில் ஒன்றரை, இரண்டு சதவீதம் வெளியே தள்ளுங்கள். கூர்முனை உள்ள ஏ, வி ஆகியவற்றை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ள வேண்டிவரும். ஊசிமுனையில் கறுப்பே இல்லையே, கண் அதை எங்கே பார்க்கும்.

அடுத்தது தடிமன். ஒரே தடிமனில் ஒரு கோட்டைப் படுக்கவும் இன்னொன்றை நிமிர்ந்து நிற்கவும் வைத்தால், படுத்திருப்பது பருமனாகத் தெரியும். கிடைக்கோடுகளை மெலிதாக்குங்கள். மெல்லிய எடையில் இந்த வித்தியாசம் மிகச் சிறிது, போல்ட்டுக்குப் போகப் போகக் கூட வேண்டும். அதனால்தான் நல்ல போல்ட் ஜியோமெட்ரிக் எழுத்தில் ஓவின் வெளிவட்டமும் உள்வட்டமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் நின்றவாக்கிலான முட்டை வடிவம். காம்பஸ் வைத்துச் சோதித்தால் ஃபியூச்சுராவின் ஓகூடச் சுத்தமான வட்டமாகத் தேறாது. வட்டமாகத் தெரிவதற்காக வட்டத்திலிருந்து விலகிய வடிவம் அது.

வளைவும் தூணும் சேரும் இடத்துக்கு வருவோம். அங்கே இரண்டு கறுப்பு கூடுவதால் புள்ளி விழுகிறது. வளைவு தூணை நெருங்கும்போது அதை மெலிய விடுங்கள். எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் கிடையாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள், கறை கரையும் வரை சீவுங்கள்.

"போல்ட் போதவில்லை என்று ஓரக்கோடு சேர்த்தேன், மூலைகளில் முள் முளைத்துவிட்டது"

ஓரக்கோட்டின் மூலைச் சந்திப்பு 'மைட்டர்' என்று இருந்தால், எம், என், டபிள்யூ போன்ற கூர்மூலைகளில் கோடு நீண்டு ஈட்டி போல வெளியே வரும். சந்திப்பை மாற்றினாலோ மைட்டர் வரம்பைக் குறைத்தாலோ முள் போய்விடும். ஆனால் ஒன்று, ஓரக்கோடு உள்பக்கமும் வளர்ந்து வயிற்றைத் தின்னும். இதுவும் ஒரு வகைப் போலி போல்ட்தான். எக்ஸ்ட்ரா போல்ட், பிளாக் என்று அடுத்த எடை இருந்தால் அதையே எடுங்கள்.

வேரியபிள் எழுத்துருவுக்கு ஓரக்கோடு போட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும். எழுத்துக்குள்ளேயே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தெரியும். அத்தகைய எழுத்துருக்களில் ஓர் எழுத்தை ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளாக வைத்திருப்பார்கள், சாதாரணமாக நிரப்பும்போது அது தெரியாது. வடிவமாக மாற்றி, துண்டுகளை 'யுனைட்' செய்து ஒன்றாக்கியபின் ஓரக்கோடு போடுங்கள்.

"கறுப்புப் பின்னணியில் அதே எழுத்து குண்டாகத் தெரிகிறது"

கண் செய்யும் வேலை. வெளிச்சமான பகுதி இருட்டுக்குள் கசிந்து பரவியது போலத் தோன்றும். இருள் பயன்முறையில் எடையை ஒரு படி இறக்குங்கள், வேரியபிள் எழுத்துருவாக இருந்தால் 700க்குப் பதில் 650 என்று நடுவிலும் நிறுத்தலாம். சுத்த வெள்ளைக்குப் பதில் சற்றே மங்கிய வெள்ளை போட்டாலும் உதவும்.

அச்சில் நிலைமை தலைகீழ். கறுப்பு மைக்கு நடுவே வெள்ளையாக விட்ட எழுத்துக்குள் மை பரவி அதை ஒடுக்கும். திரையில் எடையைக் குறைத்த அதே கோப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பினால் எழுத்து இளைத்து வரும். இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு வையுங்கள். ஒரே தலைப்பு மேக்கில் ஒருவிதத் தடிமனாகவும் விண்டோஸில் ஒருவிதத் தடிமனாகவும் தெரிவதும் வேறு விஷயம்: அவை எழுத்தின் ஓரங்களை மழுக்கும் முறை வேறு. இரண்டிலும் பார்த்து நடுவாந்தரமாக ஓர் எடையைத் தேர்ந்துகொண்டு நகருங்கள்.

"எழுத்துருவை மட்டும்தான் மாற்றினேன், அளவு அதேதான், ஆனால் எல்லாம் சின்னதாகிவிட்டது"

எக்ஸ்-உயரம், அதாவது சின்ன எக்ஸ் எழுத்தின் உயரம், எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ஃபியூச்சுராவில் அது குட்டை, மேலே போகும் தூண்கள் நெட்டை. அவாந்த் கார்டிலும் மான்செராட்டிலும் அது உயரம். ஒரே 16 பிக்சலில் ஒன்று குழந்தை போலவும் மற்றொன்று பெரியவர் போலவும் இருப்பது அதனால்தான். எண்ணைப் பார்த்து அளவு வைக்காமல் சின்ன எழுத்தின் உயரத்தைப் பார்த்து வையுங்கள். வலையில் மாற்று எழுத்துரு முதலில் வந்து, பிறகு நிஜ எழுத்துரு ஏறும்போது பக்கம் குதித்தால், சைஸ்-அட்ஜஸ்ட் பண்பால் மாற்று எழுத்துருவை முன்கூட்டியே ஒத்த அளவுக்குக் கொண்டுவரலாம்.

பொத்தானுக்குள் எழுத்து நடுவில் நிற்காமல் மேலேயோ கீழேயோ ஒதுங்குவதும் இந்த வகைதான். எழுத்துருக் கோப்புக்குள் மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று எழுதி வைத்த இடம் சமமாக இருக்காது. அசென்ட்-ஓவர்ரைடு, டிசென்ட்-ஓவர்ரைடு என்ற பண்புகளால் திருத்தலாம். அவசரத்துக்கு மேல் உள்விளிம்பில் ஒரு பிக்சல் கூட்டினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

"'ஐ'யா (I), 'எல்'லா (l), ஒன்றா (1) என்று தெரியவில்லை"

பெரிய ஐ ஒரு தூண். சின்ன எல் ஒரு தூண். சில எழுத்துருக்களில் ஒன்று என்ற எண்ணும் கிட்டத்தட்ட ஒரு தூண்தான். ஓவும் பூஜ்யமும் இரட்டைப் பிள்ளைகள். தலைப்பில் சூழலை வைத்துப் படித்துவிடுவார்கள். கடவுச்சொல், கூப்பன் குறியீடு, வரிசை எண் போன்றவற்றில் இந்த எழுத்து வந்தால் ஆபத்து. மாற்று வடிவங்கள், அதாவது வால் வைத்த எல், கோடு போட்ட பூஜ்யம், எழுத்துருவில் இருக்கிறதா என்று ஸ்டைலிஸ்டிக் செட்களில் தேடுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு வரிக்கு வேறு எழுத்துருவைப் போட்டுவிடுங்கள்.

எண்கள் ஓடும் இடத்தில், கடிகாரம், மதிப்பெண் போன்றவற்றில், வரி ஆடிக்கொண்டே இருந்தால் எல்லா எண்ணும் ஒரே அகலத்தில் வரும் 'டேபுலர்' எண்களை இயக்குங்கள்.

"ஆங்கிலம் கம்பீரம், பக்கத்தில் தமிழ் பரிதாபம்"

நாம் அதிகம் படும் பாடு இதுதான். மான்செராட்டிலும் பாப்பின்ஸிலும் தமிழ் கிடையாது. தமிழ் அடித்தால் கணினியில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு வந்து இடத்தை நிரப்பும். அதற்குப் பெரும்பாலும் சாதாரணம், போல்ட் என்று இரண்டு எடைதான். ஆங்கிலம் 900இல் கர்ஜிக்க, தமிழ் 700இல் நின்றுவிடும்.

தமிழும் லத்தீனும் (ஆங்கில எழுத்துகள்) ஒன்றோடொன்று பொருந்தும்படி சேர்த்து வரையப்பட்ட குடும்பத்தை எடுங்கள். கேட்டமரனில் 100 முதல் 900 வரை ஒன்பது எடை உண்டு. அனெக் தமிழில் எடையோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம், ஒடுக்கமான தலைப்புக்கு அது கைகொடுக்கும். லத்தீன் எழுத்தை மாற்றவே கூடாது என்ற நிபந்தனை இருந்தால் தமிழுக்கு மட்டும் இவற்றில் ஒன்றை வைத்து, எடையைக் கண்ணால் ஒப்பிடுங்கள். எண் ஒன்றாக இருப்பதால் கறுப்பும் ஒன்றாக இருக்கும் என்று நம்பவே வேண்டாம். ண, ஞ, ணை போன்றவற்றில் அவ்வளவு சுழி, அவ்வளவு தூண். அவை அடைபடாத எடையே உங்கள் உச்சவரம்பு. நான் எந்தத் தமிழ் போல்ட்டையும் 'கண்ணன்', 'எண்ணெய்', 'ஞானம்' என்று அடித்துத்தான் சோதிப்பேன்.

வரி இடைவெளி அடுத்த தகராறு. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 1 மடங்கு போதும் என்றேனே, அதே இடைவெளியில் தமிழை வைத்தால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். 1.3 மடங்குக்குக் கீழே இறங்காதீர்கள். இரண்டு மொழியும் தனித்தனி வரியில் வந்தால் இடைவெளியையும் தனித்தனியாக வையுங்கள்.

எழுத்திடைவெளியிலும் கவனம் தேவை. லத்தீன் பெரிய எழுத்துகளைப் பரத்தி வைத்தால் நாகரிகமாக இருக்கும். தமிழைப் பரத்தினால் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய், சில மென்பொருள்களில் சொல்லே சிதறும். தமிழுக்கு டிராக்கிங்கைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தால் அது இடைவெளிக் கோளாறு அல்ல. அடோபி இன்டிசைனில் பத்தி அமைப்பை 'வேர்ல்டு-ரெடி' கம்போசருக்கு மாற்றினால் இடத்துக்கு வந்துவிடும்.

பல மொழிகளில் பேச வேண்டிய பெரிய நிறுவனங்களையும் இது விட்டதில்லை. ஃபியூச்சுராவை அடிப்படையாகக் கொண்ட எழுத்தை நெடுங்காலம் பயன்படுத்திய ஐகியா 2009இல் வெர்டானாவுக்கு மாறி வடிவமைப்பாளர்களிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டது. பிறகு நோட்டோவுக்குப் போனது, உலகின் எழுத்துமுறைகளையெல்லாம் ஒரு குடையின்கீழ் கொண்டுவரும் நோக்கத்தோடு உருவான குடும்பம் அது.

"என் கணினியில் சரி, அச்சகத்தில் வேறு எழுத்து"

பிடிஎஃப்பில் எழுத்துரு பதிக்கப்படவில்லை. ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் பதிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். லோகோ போன்ற சின்னத் துண்டுகளை வடிவமாக மாற்றிவிடலாம். ஆனால் மாற்றாத மூலக்கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நாளை ஓர் எழுத்துப்பிழை கண்ணில் படத்தான் போகிறது.

சில மாற்றங்கள் கண்ணில் படாமலும் நழுவும். செஞ்சுரி காத்திக்கின் எழுத்தகலங்கள் அவாந்த் கார்டோடு ஒத்துப்போகும்படியே அமைக்கப்பட்டவை. ஒன்றின் இடத்தில் மற்றது வந்து உட்கார்ந்தாலும் வரி உடையாது, பத்தி நகராது. அவாந்த் கார்டில் அமைத்த வேலை திரும்பி வந்தால் வரி முறிவை மட்டும் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல், எழுத்துகளின் வடிவத்தையும் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

"எல்லாம் செய்துவிட்டேன், இன்னும் பிடிக்கவில்லை"

அப்படியானால் சொற்களை எண்ணுங்கள். தடித்த ஜியோமெட்ரிக் எழுத்து ஐந்தாறு சொல்லுக்கு ராஜா. பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் அது கத்திக்கொண்டே இருப்பது போல இருக்கும். 1969இல் அப்போலோ 11 நிலவில் விட்டுவந்த பலகையில் இருப்பது ஃபியூச்சுரா. அங்கேகூடச் சில வரிகள்தான், போல்ட்டும் அல்ல. தலைப்பைச் சுருக்க முடியுமா என்று எழுதியவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் முக்கியமான இரண்டு சொல்லை மட்டும் போல்ட்டில் விட்டு, மீதியை அதே குடும்பத்தின் 400க்கு இறக்கிப் பாருங்கள்.

அப்புறமும் குளிர்ந்த முகமாகவே தெரிந்தால், இரங்கல் செய்தி, கைவினைப் பொருள், கடிதத்தின் தொனி மாதிரியான வேலைக்கு இதை எடுத்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். அதற்கு எடையையோ இடைவெளியையோ திருகிப் பயனில்லை, எழுத்துருப் பட்டியலை மறுபடி திறக்க வேண்டியதுதான்.